எச்சிலும் திருவிருந்தும்

நற்கருணை பற்றிக் கிறிஸ்தவ உலகம் எழுதிக் குவித்தவற்றில் பெரும்பகுதி அப்பத்தைப் பற்றியது. அப்பத்துக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி. 1215இல் நாலாம் லாத்தரன் சங்கம், தோற்றம் அப்படியே இருக்க அப்பத்தின் சாரம் மாறிவிடுகிறது என்ற கோட்பாட்டுக்கு அதிகாரபூர்வமான சொல்லைத் தந்தது. 1529 அக்டோபரில் மார்பர்க் நகரில் லூத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்தாவது நற்கருணை. லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் கிறிஸ்துவின் வாக்கியத்தை லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு, அதிலுள்ள 'இருக்கிறது' என்ற வினைச்சொல்லை விட்டு நகர மறுத்தார். ஸ்விங்லி அதைக் 'குறிக்கிறது' என்று வாசித்தார். தமிழில் அந்த வாக்கியத்துக்கு வினைச்சொல்லே தேவையில்லை. இயேசு பேசிய அரமேயத்திலும் தேவையில்லை. இல்லாத ஒரு வினைச்சொல்லின் மேல் ஐரோப்பா இரண்டாகப் பிரிந்தது. ஒரு மேசையில் ஒன்றாக வேண்டியவர்கள் அந்த மேசையின் பொருட்டே பிரிந்து போனார்கள்.

அப்பத்துக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஸ்தூலமான ஒரு பொருள் தன்னைத் தாண்டிய ஒன்றை ஏந்த முடியுமா என்பது கவிதையின் கேள்வியும்தான். ஆனால் அந்தக் கேள்வி மற்றொன்றை மறைத்துவிட்டது. அப்பத்தை உண்பவர்களுக்கு இடையில் என்ன நேர்கிறது? ஒன்றும் நேராவிட்டால், அப்பத்துக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் மாற்றத்துக்கு அர்த்தம் உண்டா? சபைக்குள் பிறந்து இன்று அதன் வாசற்படியில் நிற்பவன் என்ற முறையில் எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

நம் மொழி இதற்குச் சில சொற்களை வைத்திருக்கிறது. கத்தோலிக்கர் 'நற்கருணை' என்பார்கள். மற்ற சபைகளில் 'இராப்போஜனம்' என்றும் 'திருவிருந்து' என்றும் வழங்குகிறது. சேர்ந்திருத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஐக்கியம்' ஆயிற்று. ஒரு கோயிலைச் சார்ந்த மக்கள் கூட்டத்துக்குக் கத்தோலிக்கத் தமிழ் தந்த பெயர் 'பங்கு'. இவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 'விருந்து'. பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. பிறகு புதிதாய் வந்தவர். அதன் பிறகே அவருக்கு இடும் உணவு. முன்பின் அறியாதவன் ஒருவன் இல்லாமல் விருந்து கிடையாது. சொந்தமும் சாதியும் கூடி உண்பது பந்தி. பந்தி என்றால் வரிசை. யார் எந்த வரிசை என்பது இலை போடுமுன்பே தீர்மானமாகியிருக்கும். சபை தன் மேசைக்குத் திருவிருந்து என்று பெயர் வைத்தது. நடத்தியது பெரும்பாலும் திருப்பந்தி.

இந்த வித்தியாசம் எங்கே பிடிபடுகிறது என்றால், எச்சிலில். எச்சில் என்பதை உடல்நலப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்களுக்குத் தமிழ்ச் சமூகம் புரியாது. யாருடைய எச்சில் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பது நம் உறவுகளின் வரைபடம். குழந்தையின் எச்சில் தாய்க்கு ஆகும். கணவன் உண்ட இலையில் மனைவி உண்பாள், மறுதலையாக நடக்காது. டீக்கடையில் தனிக் குவளை தொங்கியது இதன் விளைவுதான். இப்போது சுவிசேஷங்கள் சொல்லும் கடைசி இராவுணவை நினைத்துப் பாருங்கள். ஒரே பாத்திரம் கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒரே தட்டில் எல்லாரும் அப்பத்தைத் தோய்க்கிறார்கள். காட்டிக் கொடுக்கப்போகிறவனின் அடையாளமே அதே தட்டில் கை தோய்ப்பவன் என்பதுதான். அது ஓர் எச்சில் மேசை. தூய்மையைக் கொண்டு மனிதர்களைத் தரம் பிரிக்கும் எந்தச் சமூகத்துக்கும் அதைவிட அருவருப்பான சடங்கு ஒன்றைக் கற்பனை செய்ய முடியாது.

மதுரை மிஷனின் யேசு சபைக் குருக்களுக்கு இது தெரிந்திருந்தது. ஞானஸ்நானத்தின்போது குரு தம் உமிழ்நீரைத் தொட்டுப் பூசும் பழைய லத்தீன் சடங்கை அவர்கள் இங்கே விட்டுவிட்டார்கள். அது இந்நாட்டாருக்குக் குமட்டலைத் தந்தது. 1703இல் பாண்டிச்சேரி வந்த போப்பின் தூதர் தூர்னோன், அதைச் செய்தே ஆகவேண்டும் என்று 1704இல் ஆணையிட்டார். அதே ஆணையில், தாழ்த்தப்பட்டவர்கள் நோயுற்றுக் கிடந்தால் குருக்கள் அவர்கள் வீட்டுக்குள் சென்றே அருட்சாதனங்களைத் தரவேண்டும் என்றும் இருந்தது. ரோமாபுரியிலிருந்து வந்தவருக்கு இவை இரண்டு தனித்தனி விதிகளாகத் தோன்றியிருக்கலாம். இங்கே இரண்டும் ஒன்றுதான். நாற்பது ஆண்டுச் சச்சரவுக்குப் பின் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் விவகாரத்தை முடித்துவைத்தபோது, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரே அப்பம், இரண்டு வகைக் கைகள்.

சாதாரண ஜனங்களுக்குப் பாத்திரம் கிடையாது, அப்பம் மட்டுமே என்று 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் விதித்திருந்தது. ஐரோப்பாவில் அதன் காரணங்கள் வேறு. அதற்காகப் பொஹீமியாவில் யுத்தமே நடந்தது. நம் கிராமங்களில் அந்த விதி எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. குருவின் விரல்களிலிருந்து நேரே நாக்குக்கு வரும் மெல்லிய ஓஸ்தியில் அடுத்தவன் எச்சில் இல்லை. பாத்திரத்தைத் தக்கவைத்துக்கொண்ட சபைகளில்தான் சங்கடம். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தது: ஐயர் ஒவ்வொருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி அடுத்தவருக்கு நீட்டுவார். முழந்தாளிட எழுந்து போகும் வரிசையில் யாருக்குப் பின் யார் என்பதற்கு எழுதாத ஒரு சட்டம் இருந்தது. பாத்திரம் யார் யார் வாயில் பட்ட பிறகு தன்னிடம் வருகிறது என்பதைக் கணக்குப் போடும் கண்களை நான் கவனித்திருக்கிறேன். ஜெபத்துக்காக மூடியிருக்க வேண்டிய கண்கள்.

இந்தக் கணக்கு புதிதல்ல. ஏறக்குறைய கி.பி. 55இல் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் அது இருக்கிறது. அங்கே கர்த்தருடைய பந்தி ஒரு முழுச் சாப்பாடு. வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைஸன் 1970களில் இதைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்து, அது தனிமனிதர்களின் பெருந்தீனிப் பிரச்சினை அல்ல, ஒரே வீட்டில் கூடிய இரண்டு வர்க்கங்களின் பிரச்சினை என்று காட்டினார். பவுலின் கண்டனம் கடுமையானது: உடல் இன்னதென்று அறியாமல் உண்பவன் தனக்கே தண்டனையை உண்கிறான் என்கிறார். எந்த உடல்? அப்பத்தில் உள்ள உடல் என்று பிற்கால இறையியல் படித்தது. அந்தப் பகுதியை அதன் முன்பின்னோடு வாசித்தால், பசியோடு நிற்பவனும் சேர்ந்ததே அந்த உடல் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் பவுல் கூடவே ஒரு யோசனையும் சொன்னார். பசித்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பது அதன் சாரம். உடனடிப் பூசலைத் தீர்க்க அது நல்ல யோசனை. அதன் நீண்டகால விளைவு வேறு. நாளடைவில் சாப்பாடும் சடங்கும் பிரிந்தன. சாப்பாடு வீட்டுக்குப் போயிற்று, அவரவர் அடுப்புக்கு, அவரவர் சாதிக்கு. சபையில் எஞ்சியது ஒரு துணுக்கு அப்பம், ஒரு வாய் ரசம். பசி தீர்க்காத அளவுக்குச் சாப்பாடு சிறுத்துப்போனதில்தான் நான் சூட்சுமத்தைப் பார்க்கிறேன். சேர்ந்து உண்ணாதவர்கள் சேர்ந்து நற்கருணை வாங்குவது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று. 1890களில் அமெரிக்காவில் தொடங்கிய தனித்தனிச் சிறு கிண்ணங்கள், 2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் பொதுப் பாத்திரத்தையே நிறுத்தியது, எல்லாவற்றுக்கும் நியாயமான சுகாதாரக் காரணங்கள் உண்டு. ஆனால் அதன் முழு அர்த்தமும் சேர்ந்து உண்பதில் இருக்கும் ஒரு சடங்கு, யாரோடும் சேராமல் உண்ணக்கூடியதாக மாறி வந்திருக்கிறது.

இதை நம் ஊரில் சிலர் உணர்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று நிருபம் விடுத்தார். திருவிருந்தில் முன்பின் என்ற வரிசை இனி இல்லை. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மிஷனரிகளின் இத்தகைய மாற்றங்களை எதிர்த்து எழுதியிருந்தார். தமிழ்க் கிறிஸ்தவனுக்குப் பாடக் கற்றுக்கொடுத்த மகா கவிராயர் அவர். அதே மனிதர் சாதி ஆசாரத்துக்காகவும் வாதாடினார். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவதும், இதை மட்டும் சொல்லி அவரைத் தள்ளுவதும் எளிது. இரண்டுமே வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

1850இல் மதராஸ் மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போயிற்று. திருவிருந்தில் பங்குகொண்டால் போதாது. தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்டு சாதியை முறித்ததைக் காட்ட வேண்டும் என்றது. லைப்சிக் லூத்தரன் மிஷன் இதில் சேரவில்லை; சாதி உலக விவகாரம் என்பது அதன் வாதம். அமெரிக்கன் மதுரை மிஷன் அதற்கு முன்னமே 'அன்பின் விருந்து' என்ற பெயரில் இப்படி ஒரு சோதனையை நடத்திப் பார்த்திருந்தது. மிஷனரிகளின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. திருவிருந்து எதையும் நிரூபிக்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சோறு பொய் சொல்லாது. ஆனாலும் இதில் ஏதோ உறுத்துகிறது. அந்தச் சோற்றைச் சமைத்தவரை நினைத்துப் பாருங்கள். இலைக்கு முன் உட்கார்ந்தவன் முகத்தைச் சுளிக்கிறானா, விழுங்குகிறானா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். சமைத்த கை அங்கே ஒரு பரீட்சைக் கருவி. விருந்து பரீட்சையானதும் அது விருந்து அல்ல. தவிர, அந்தப் பரீட்சையை வைத்த துரைமார்கள் தங்கள் சமையற்காரனைத் தங்கள் மேசையில் உட்கார்த்தி உண்டார்களா என்ற கேள்வியும் நிற்கிறது.

வடக்கன்குளம் எல்லாவற்றையும் கட்டிடமாகவே காட்டிவிட்டது. 1872இல் அங்கே எழுந்த கோயில், இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் ஒன்றுசேரும் அமைப்பு. ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், இடையில் தடுப்பு. பீடம் ஒன்று, பூசை ஒன்று, குரு ஒருவர், அப்பம் ஒன்று. குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் கௌசானல் சுவாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்லியிருக்கிறார். என்னை உலுக்குவது அந்தச் சுவர் அல்ல. சுவர் இருந்த முப்பத்தெட்டு ஆண்டுகளும் அங்கே நடந்த நற்கருணை, சட்டப்படி, இறையியல்படி, எந்தக் குறையும் இல்லாதது என்பதுதான். அப்பத்துக்கு நேர வேண்டியது நேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இது இந்து சமூகத்திலிருந்து தொற்றிய நோய், கிறிஸ்தவத்துக்கு இதில் பொறுப்பில்லை என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. சாதியே இல்லாத தென்னாப்பிரிக்காவைப் பார்க்கச் சொல்வேன். 1857இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடு, வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனியாகத் திருவிருந்து நடத்தலாம் என்று அனுமதித்தது. காரணமாகச் சொன்னது, சேர்ந்து உண்ண மனமில்லாத சிலருடைய பலவீனம். பலவீனனுக்கு இரங்குவது வேதத்துக்கு ஒத்ததுதானே. 1881இல் தனித் திருவிருந்து தனிச் சபையாயிற்று. 1948இல் ஆட்சிக்கு வந்தவர்கள் அதை நாட்டின் சட்டமாக்கினார்கள். மேசையில் தொடங்கியது பேருந்து, கடற்கரை, படுக்கையறை வரை போயிற்று.

1982இல் ஆட்டவாவில் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு கூடியது. தொடக்க ஆராதனையில் திருவிருந்து. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின, கலப்பினப் பிரதிநிதிகள் சிலர் அதில் பங்குகொள்ள மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் தங்களை மேசைக்கு அழைக்காத சபையாரோடு அயல்நாட்டில் ஒரு மேசையில் உட்கார்ந்து ஐக்கியமாக நடிக்க முடியாது என்பது அவர்கள் நிலை. அந்த மாநாடு நிறவெறிக்குத் தரப்பட்ட இறையியல் நியாயத்தை வேதப்புரட்டு என்று அறிவித்து, இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது.

இங்கேதான் என் கேள்வி கூர்மையடைகிறது. 1833இல் தஞ்சாவூரில் விலகியவர்களும் 1982இல் ஆட்டவாவில் விலகியவர்களும் செய்தது வெளித்தோற்றத்தில் ஒரே காரியம். இன்னாரோடு சேர்ந்து உண்ண மாட்டேன் என்று பாத்திரத்தைத் தள்ளினார்கள். முன்னதைத் தீண்டாமை என்றும் பின்னதைச் சாட்சியம் என்றும் எதைக்கொண்டு சொல்கிறோம்? அனுதாபத்தைக் கொண்டா? மேசை ஒன்றாகிவிட்டதே என்று முன்னவர்கள் விலகினார்கள். மேசை ஒன்றாகாமலே ஒன்றானதுபோல் காட்டப்படுகிறதே என்று பின்னவர்கள் விலகினார்கள். ஒருவருக்கு உண்மை பொறுக்கவில்லை. மற்றவருக்குப் பொய் பொறுக்கவில்லை. செயலின் வடிவத்தை வைத்து அதன் அறத்தைத் தீர்மானிக்க முடியாது. விலகுகிறவன் மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து விலகுகிறான் என்பதைக் கேட்டாக வேண்டும்.

இறையியலாளர்கள் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: திருவிருந்து, ஏற்கனவே உள்ள ஐக்கியத்தின் அடையாளமா, இல்லாத ஐக்கியத்தை உண்டாக்கும் சாதனமா? அடையாளம் என்றால், பிரிந்து கிடக்கும் ஊரில் அதை நடத்துவது பொய். சாதனம் என்றால், அது ஏன் இத்தனை நூற்றாண்டுகள் வேலை செய்யவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு இரண்டுமே போதவில்லை. நான் அதை ஒரு கடன்சீட்டாகப் பார்க்கிறேன். கை நீட்டி அப்பத்தை வாங்குகிறவன், பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவனுக்குத் தன் அடுப்பையும் கிணற்றையும் கல்லறையையும் திறப்பதாகக் கையெழுத்திடுகிறான். கடன் அன்றே தீர வேண்டும் என்பதில்லை. யூதாஸும் அந்த மேசையில் இருந்ததாகவே லூக்கா எழுதுகிறார். தகுதியுள்ளவர்களுக்கான பரிசு அல்ல அது. ஆனால் தீர்க்கும் எண்ணமே இல்லாமல் ஞாயிறுதோறும் புதுச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பெயர் உண்டு. கடன் கொடுத்தவன் ஒருநாள், இனி உன் கையெழுத்து எனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். ஆட்டவாவில் அதுதான் நடந்தது. கடன்பட்டவனுக்கு அப்படிச் சொல்லும் உரிமை கிடையாது.

தர்மம் செய்தால் இந்தக் கடன் தீரும் என்ற நினைப்பும் சபைகளில் ஆழமாக இருக்கிறது. பூனுவெல் 1961இல் எடுத்த 'விரிதியானா'வைப் பார்த்தவர்கள் அந்தப் பிச்சைக்காரர் விருந்தை மறந்திருக்க மாட்டார்கள். துறவு மனம் கொண்ட ஒரு பெண் அவர்களுக்கு இடமும் சோறும் வேலையும் ஜெபமும் தருகிறாள். தன் மேசையை மட்டும் தரவில்லை. வீட்டார் வெளியே போன நாளில் அவர்களே அந்த மேசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு குருடன் இருக்க, ஒரு கணம் கடைசி இராவுணவுச் சித்திரமாக உறைகிறார்கள். வாட்டிகன் பத்திரிகை அதைத் தெய்வ நிந்தனை என்றது. எனக்கு அது திருவிருந்து பற்றிய மிகக் கறாரான வியாக்கியானமாகப் படுகிறது. சோறு போடப்பட்டவர்கள் சேர்ந்து உண்ண அழைக்கப்படவில்லை. எனவே அவர்கள் மேசைக்கு வரும்போது திருடர்களாகத்தான் வர முடிகிறது.

எங்கள் நெல்லைப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. ஊரே அரிசியும் ஆடும் காசும் கொடுத்து, கோயில் வளாகத்தில் பெரிய வட்டைகளில் ஆக்கி, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து உண்பது. ஆதிச் சபை இழந்த முழுச் சாப்பாடு இங்கே திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்து நான் பூரித்ததுண்டு. இப்போதும் அதன் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. ஆனால் பல ஊர்களில் சபை என்பதும் ஒரு சாதியின் குடியிருப்பு என்பதும் ஒன்றேயாக இருப்பதால், அங்கே உட்காருகிறவர்கள் எல்லாருமே சொந்தக்காரர்கள். அசனம் நிறைந்த பந்தி. அதில் விருந்து இல்லை, பழைய அர்த்தத்தில்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவர்களான தாழ்த்தப்பட்டவர்களைப் பட்டியல் சாதிகளில் சேர்க்கவில்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. திருவிருந்து சொல்வதை அரசு அப்படியே நம்பிவிட்டது போலிருக்கிறது, ஊர் நம்பவில்லை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இரண்டு. உயிரோடிருக்கையில் ஒரே அப்பத்தை உண்டவர்களின் எலும்புகள் சேரக் கூடாதாம்.

லூத்தரும் ஸ்விங்லியும் வாதாடியதை மீண்டும் வாதாடலாம். அது முடியாத வாதம். ஆனால் அதற்கு முன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு லத்தீன் வேண்டாம், கிரேக்கம் வேண்டாம். அடுத்தவன் வாய் பட்ட இடத்தில், துணியால் துடைக்காமல், என் வாயை வைப்பேனா? வைத்தபின் அவன் வீட்டுப் பானையில் என் கை போகுமா, என் வீட்டுப் பானையில் அவன் கை?